'நோ டிஸ்பியூட்' என்று பதில் போட்டுவிட்டோம், பணம் போய்விடுமா?

திருப்பூரில் 22 மெஷின் வைத்துத் தையல் ஜாப் ஒர்க் செய்யும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதத்தோடு ஒரு பில்லின் நகலும் இரண்டு மின்னஞ்சல்களும் வந்திருக்கின்றன. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சுருக்கமாகத் தருகிறேன்.

பெங்களூரில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு ஆடை நிறுவனத்துக்கு இவர் மூன்று லாட்டாக 28,000 டி-ஷர்ட் தைத்துக் கொடுத்திருக்கிறார். பீஸுக்கு 28 ரூபாய், ஜிஎஸ்டி நீங்கலாக மொத்தம் 7,84,000 ரூபாய். ஒவ்வொரு லாட்டையும் அவர்களுடைய தரம் பார்க்கும் க்யூசி ஆள் யூனிட்டுக்கே வந்து பார்த்து, சரக்கோடு போகும் டெலிவரி சலானில் (டிசி) பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வண்டி ஏறியிருக்கிறது. ஆர்டரில் 60 நாள் கிரெடிட். கடைசி லாட் போய் 41ஆம் நாள் ஒரு மின்னஞ்சல் வருகிறது: "வீ டிஸ்பியூட் தி அமவுன்ட் ஆஃப் ரூபீஸ் 2,36,000 டுவர்ட்ஸ் மெஷர்மென்ட் வேரியேஷன். பேலன்ஸ் வில் பி ரிலீஸ்டு ஆஃப்டர் செட்டில்மென்ட்." கூடவே அந்தத் தொகையைக் கழிப்பதாகச் சொல்லும் ஒரு டெபிட் நோட்.

வாசகருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. கல்லூரியில் படிக்கும் மகளைக் கேட்டிருக்கிறார். மகள் போனில் தேடிப் பார்த்து, "டிஸ்பியூட்னா சண்டை, தகராறுப்பா" என்று சொல்லியிருக்கிறாள். சண்டை வேண்டாம், பணம் வந்தால் போதும் என்று அப்பா சொல்ல, மகள் அன்று இரவே பதில் அனுப்பிவிட்டாள்: "நோ டிஸ்பியூட் ஃப்ரம் அவர் சைட். ப்ளீஸ் அட்ஜஸ்ட் அண்ட் பே சூன்." மறுநாள் காலை அங்கிருந்து ஒரு வரி: "தேங்க்ஸ் ஃபார் தி கன்ஃபர்மேஷன்." அதன் பிறகு மூன்று வாரமாகப் பேச்சே இல்லை, பணமும் இல்லை.

அவர் கேட்பவை: டிஸ்பியூட் என்று எழுதினால் கேஸ் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தமா? வங்கியில் உள்ள என் சிசி (கேஷ் கிரெடிட்) கடன் அக்கவுன்ட் பாதிக்குமா? நாங்கள் 'நோ டிஸ்பியூட்' என்று எழுதியதால் 2,36,000 போய்விட்டதா? அவர்களுடைய அடுத்த லாட் 6,000 பீஸ் என்னிடம் இருக்கிறது, பணம் வரும்வரை அதைப் பிடித்து வைக்கலாமா? நண்பர் ஒருவர் "என்சிஎல்டிக்குப் போ, அலறிக்கொண்டு வருவான்" என்கிறார், அந்தக் கம்பெனித் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா?

அன்புள்ள ஐயா,

பணம் போகவில்லை. ஆனால் இந்த வாரத்துக்குள் நீங்கள் ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். அதில் என்ன எழுதுவது என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது. உங்கள் பிரச்சினையில் பாதி பெங்களூர்க்காரர்களால் வந்தது, மீதிப் பாதி அந்தச் சொல்லால் வந்தது.

உங்கள் மகள் தவறாக எதையும் சொல்லவில்லை. அகராதியைப் புரட்டினால் டிஸ்பியூட் என்பதற்குத் 'தகராறு' என்றுதான் போட்டிருக்கும். அரசாங்கத் தமிழிலும் அப்படித்தான். 1947ஆம் ஆண்டின் இண்டஸ்ட்ரியல் டிஸ்பியூட்ஸ் ஆக்டைத் தமிழில் தொழில் தகராறுகள் சட்டம் என்றே எழுதிவந்தோம். சிக்கல் என்னவென்றால், நம் வாயில் தகராறு என்றால் சட்டைக் காலரைப் பிடிப்பதுதான் ஞாபகம் வரும். "டீக்கடையில் தகராறு", "குடித்துவிட்டுத் தகராறு பண்ணினான்" என்போம். மெஷின் நின்றுபோனால்கூட "மோட்டார் தகராறு பண்ணுது" என்கிறோம். இந்தச் சொல் உருது வழியாக நமக்கு வந்தது. அரபு மூலத்தில் 'தக்ரார்' என்றால் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வது என்று பொருள். சொன்னதையே இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னால் கடைசியில் சத்தம்தானே மிஞ்சும். அங்கிருந்து சண்டைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

டிஸ்பியூட் வந்த வழி வேறு. அதன் லத்தீன் மூலத்தில் இருக்கும் 'புத்தாரே' என்ற வினைக்குக் கணக்குப் பார்ப்பது, கணிப்பது என்ற பொருள் உண்டு. கம்ப்யூட் என்ற சொல்லிலும் அதே வேர்தான் இருக்கிறது. ஒரு கணக்கை உருப்படி உருப்படியாகப் பிரித்துப் போட்டு, இது சரி, இது சரியில்லை என்று வாதிடுவதுதான் டிஸ்பியூட். வியாபாரக் கடிதத்தில் இன்றும் அந்தப் பழைய வாசனை போகவில்லை. "வீ டிஸ்பியூட் திஸ் அமவுன்ட்" என்றால் "இந்தத் தொகையை நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை" என்பது மட்டும்தான். அதில் கோபமும் இல்லை, கேஸும் இல்லை. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால் பேங்க் ஆப்பில் 'ரெய்ஸ் டிஸ்பியூட்' என்று ஒரு பொத்தான் இருக்குமே, அதை அழுத்துபவர் பேங்க்கோடு சண்டைக்குப் போகவில்லை. இந்தக் கழிவை ஏற்கவில்லை, பாருங்கள் என்று சொல்கிறார்.

சட்டமும் இந்தப் பொருளைத்தான் பிடித்துக்கொள்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'கன்ஸ்யூமர் டிஸ்பியூட்' என்பதற்குச் சொல்லும் விளக்கம், புகாரில் உள்ள குற்றச்சாட்டை எதிர்த்தரப்பு மறுக்கும் நிலை என்பதே. ஒருவர் கேட்கிறார், மற்றவர் மறுக்கிறார், அங்கே டிஸ்பியூட் பிறந்துவிட்டது. அதனால் உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: கேஸ் எதுவும் இல்லை. சிசி அக்கவுன்ட்டுக்கும் இதனால் கரும்புள்ளி வராது. கடன் கொடுத்த வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் தகவல்தான் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறும். ஒரு பார்ட்டி உங்களுக்கு எழுதும் மின்னஞ்சல் அங்கே போகாது. ஒன்றே ஒன்று, பில் வெகுநாள் வசூலாகாமல் நின்றால் மாதா மாதம் நீங்கள் கொடுக்கும் வரவுப் பட்டியலில் அதை வங்கி கழித்துப் பார்க்கும், எடுக்கும் தொகை குறையும். அது தாமதத்தால் வருவது, சொல்லால் வருவதல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பிய பில் நகலைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அடியில், உங்கள் கையெழுத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் "ஆல் டிஸ்பியூட்ஸ் சப்ஜெக்ட் டு திருப்பூர் ஜூரிஸ்டிக்‌ஷன் ஒன்லி" என்று அச்சாகியிருக்கிறது. பதினான்கு வருடமாக யூனிட் நடத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். அச்சகத்தில் வழக்கமாகப் போடும் வரி, நீங்களும் போட்டிருப்பீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்த சொல் ஒவ்வொரு பில்லிலும் உங்கள் பெயருக்குக் கீழேயே இருந்திருக்கிறது, ஐயா.

அவர்கள் எழுதிய இரண்டு வரி

டிஸ்பியூட் என்று யாராவது எழுதினால் முதலில் பார்க்க வேண்டியது, எதை என்பதுதான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பொருள் நிற்கும். பில் முழுவதையும் டிஸ்பியூட் செய்கிறார்களா, ஒரு பகுதியையா, தரத்தையா, எண்ணிக்கையையா, ரேட்டையா? உங்கள் பார்ட்டி தெளிவாக எழுதியிருக்கிறது: 2,36,000 ரூபாய், காரணம் அளவு வித்தியாசம். அப்படியானால் மிச்சம் 5,48,000 ரூபாயைப் பற்றி அவர்களுக்கு எந்த மறுப்பும் இல்லை. அதைப் 'பேலன்ஸ்' என்றும், செட்டில்மென்ட் ஆனதும் தருகிறோம் என்றும் அவர்களே சொல்கிறார்கள்.

இது உங்களுக்குச் சாதகமான வரி. நீதிமன்றத்தில் ஒருவர் ஒரு தொகையை ஒப்புக்கொண்டுவிட்டால், மற்ற விவாதம் முடியும்வரை காத்திருக்காமல் அந்தத் தொகைக்கு மட்டும் முன்கூட்டியே தீர்ப்புக் கேட்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கடனை எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதியிலிருந்து வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் காலவரம்பு புதிதாக எண்ணப்படவும் காலவரம்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு வழி செய்கிறது. அதனால் அந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். பிரிண்ட் எடுத்து டிசியோடு சேர்த்து வையுங்கள்.

மறுக்கப்படாத பணத்தை, மறுக்கப்பட்ட பணத்துக்குப் பிணையாகப் பிடித்து வைப்பதுதான் அவர்கள் செய்திருக்கும் வேலை. 2,36,000க்குத் தலையாட்டினால்தான் 5,48,000 வரும் என்பதை அழகாக எழுதியிருக்கிறார்கள். சம்பளம் போட வேண்டிய சனிக்கிழமை நெருங்க நெருங்க நீங்கள் தலையாட்டிவிடுவீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஜாப் ஒர்க் செய்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் கட்டுகளில் இதே உத்தியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

நீங்கள் அனுப்பிய ஒரு வரி

"நோ டிஸ்பியூட் ஃப்ரம் அவர் சைட்" என்றால் உங்கள் மனதில் இருந்தது, எங்களுக்குச் சண்டை வேண்டாம் என்பது. படிப்பவருக்குக் கிடைத்தது, உங்கள் டெபிட் நோட்டை நாங்கள் மறுக்கவில்லை என்பது. அடுத்த சொல் இன்னும் மோசம். நாம் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள், விட்டுக்கொடுங்கள் என்று பொருள். பஸ்ஸில் இடம் கேட்கும்போதும் அதையே சொல்கிறோம். கணக்குப் பிள்ளையின் ஆங்கிலத்தில் 'அட்ஜஸ்ட்' என்றால் ஒரு தொகையை இன்னொரு தொகையில் கழித்துக்கொள்வது. "நீங்கள் கொஞ்சம் இறங்கி வந்து சீக்கிரம் பணம் போடுங்கள்" என்று நினைத்து அனுப்பிய வரி, "டெபிட் நோட்டைக் கழித்துக்கொண்டு மீதியைப் போடுங்கள்" என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர்கள் 'கன்ஃபர்மேஷன்' என்று நன்றி சொன்னதன் காரணம் இதுதான்.

இதனால் 2,36,000 போய்விட்டதா? இல்லை. ஆனால் ஆபத்தே இல்லை என்றும் சொல்லமாட்டேன். அந்த மின்னஞ்சலை நீங்கள் கொடுத்த ஒப்புதலாக அவர்கள் காட்டுவார்கள். சாட்சியச் சட்டப்படி ஒப்புதல் என்பது முடிந்த முடிவான சான்று அல்ல. எந்தச் சூழ்நிலையில், என்ன புரிதலில் எழுதப்பட்டது என்று விளக்கி அதை மறுக்க உங்களுக்கு இடம் உண்டு. க்யூசி ஆள் பாஸ் போட்ட டிசி மூன்றும் உங்கள் பக்கம் பேசும். அந்த ஒப்புதலை நம்பி அவர்கள் ஏதாவது செய்து நிலைமையை மாற்றிக்கொண்டிருந்தால் உங்கள் கை கொஞ்சம் கட்டப்படும். இதுவரை அவர்கள் பேலன்ஸைக்கூடப் போடவில்லை. அதனால்தான் நாள் கடத்தாதீர்கள் என்கிறேன். மூன்று வாரத்தில் திருத்திச் சொன்னால் நம்புவார்கள். ஒரு வருடம் கழித்து வக்கீல் நோட்டீஸில் முதல்முறையாகச் சொன்னால் நீதிபதி புருவத்தை உயர்த்துவார்.

அனுப்ப வேண்டியது இவ்வளவுதான். சுற்றி வளைக்காமல், மன்னிப்பும் கேட்காமல், இந்த விஷயங்களை வரிசையாக எழுதுங்கள்:

"இன்ன தேதியில் எங்களிடமிருந்து வந்த மின்னஞ்சலில் 'நோ டிஸ்பியூட்' என்று எழுதியது, வம்பு வழக்கு இல்லாமல் பேசி முடிக்க விரும்புகிறோம் என்ற அர்த்தத்தில். உங்கள் 2,36,000 ரூபாய் டெபிட் நோட்டை நாங்கள் ஏற்கவில்லை. மூன்று லாட்டும் இன்ன தேதிகளில் உங்கள் க்யூசி பார்த்துப் பாஸ் செய்தவை, டிசி நகல்கள் இணைத்துள்ளோம். அளவு வித்தியாசம் என்றால் எந்த லாட், எந்த சைஸ், எத்தனை பீஸ், எவ்வளவு வித்தியாசம் என்று அளவு ரிப்போர்ட்டோடு தெரிவியுங்கள், பீஸ்களைப் பார்க்க எங்களை அனுமதியுங்கள். நீங்கள் மறுக்காத 5,48,000 ரூபாயை உடனே அனுப்புங்கள். அதைப் பெற்றுக்கொள்வது மீதித் தொகை மீதான எங்கள் உரிமையை விட்டுக்கொடுப்பதாகாது."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நாளை 5,48,000 வந்தால், கூடவே 'ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்' என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் போடும் கையெழுத்து, 'நோ டிஸ்பியூட்' போல விளக்கிச் சமாளிக்கக்கூடியதல்ல. பணம் வாங்கியதற்கு ரசீது கொடுங்கள், அதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

தமிழில் எழுதினாலும் செல்லும். எதிர்த்தரப்பு பெங்களூரில் இருப்பதால், தெரிந்தவர் ஒருவரை வைத்து ஆங்கிலத்திலும் எழுதி, இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். ஆங்கிலத்தில் இந்தமுறை 'டிஸ்பியூட்' என்ற சொல்லை நீங்கள் தைரியமாகப் பயன்படுத்தலாம். "வீ டிஸ்பியூட் யுவர் டெபிட் நோட்" என்பது மரியாதைக் குறைவான வாக்கியம் இல்லை. அவர்கள் உங்களுக்கு எழுதிய அதே வாக்கியம்தான்.

கையில் இருக்கும் 6,000 பீஸ்

இதில்தான் உங்களைத் தடுத்து நிறுத்த விரும்புகிறேன். 3,500 பீஸ் தைத்து முடித்துவிட்டதாகவும், 2,500 கட்டிங் பீஸாகவே கிடப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பழைய பாக்கி வரும்வரை கொடுக்கமாட்டேன் என்று வைத்துக்கொள்ளலாம் என்பது திருப்பூரில் பலருடைய நம்பிக்கை. சட்டம் அப்படி இல்லை.

1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 170ஆம் பிரிவு: ஒருவர் கொடுத்த பொருளில் உங்கள் உழைப்பையும் திறமையையும் போட்டிருந்தால், அந்தப் பொருளுக்கான கூலி வரும்வரை அந்தப் பொருளை வைத்துக்கொள்ளலாம். அந்தப் பொருளுக்கான கூலி என்பதைக் கவனியுங்கள். போன லாட்டின் கூலிக்காக இந்த லாட்டைப் பிடிக்கும் உரிமை 171ஆம் பிரிவில் வங்கிகள், வழக்கறிஞர்கள் போன்ற ஒருசிலருக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்று, அந்த 170ஆம் பிரிவுக்குக் கீழே சட்டமே கொடுக்கும் உதாரணம் ஒரு தையல்காரர். துணியைக் கொடுத்து ஒருவர் கோட் தைக்கச் சொல்கிறார். தைத்ததும் கொடுத்துவிடுகிறேன், கூலிக்கு மூன்று மாதம் தவணை என்று தையல்காரர் ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் கோட்டைப் பிடித்து வைக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. நீங்கள் 60 நாள் கிரெடிட் கொடுத்திருக்கிறீர்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் எழுதிய அந்தத் தையல்காரர் நீங்கள்தான்.

பிடித்து வைத்தால் என்ன ஆகும்? அவர்கள் துணி உங்களிடம் நம்பி ஒப்படைக்கப்பட்டது. திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடி என்று போலீஸில் புகார் கொடுப்பார்கள். புகார் நிற்குமா என்பது வேறு கதை, ஆனால் உங்கள் கூலிப் பாக்கி பின்னுக்குப் போய், ஸ்டேஷனில் பதில் சொல்வது முன்னுக்கு வந்துவிடும். தைத்ததைக் கொடுங்கள். கொடுக்கும்போது சைஸ் வாரியாக எண்ணி, ஒவ்வொரு சைஸிலும் சில பீஸை அளந்து, டேப்போடு போட்டோ எடுத்து, டிசியில் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். கட்டிங் பீஸ் 2,500ஐத் தைப்பதா வேண்டாமா என்பதை உங்கள் ஆர்டரின் விதிகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அந்தத் தாளை நீங்கள் அனுப்பவில்லை. புது லாட்டைப் பொறுத்தவரை முன்பணம் இல்லாமல் எடுக்கமாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எங்கே போவது

நண்பர் சொன்ன என்சிஎல்டி உங்களுக்கு உதவாது. திவால் சட்டத்தின் கீழ் ஒரு கம்பெனியை அங்கே இழுக்கக் குறைந்தபட்ச பாக்கி 2020 மார்ச்சிலிருந்து ஒரு கோடி ரூபாய். ஒரு கோடி இருந்தாலும், நோட்டீஸுக்கு முன்பே பாக்கியைப் பற்றி உண்மையான டிஸ்பியூட் இருந்தது என்று காட்டிவிட்டால் மனு தள்ளுபடியாகிவிடும். 2017இல் மொபிலாக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகச் சொன்னது. வெறும் சாக்குப்போக்கை டிஸ்பியூட் என்று ஏற்கக்கூடாது, ஆனால் விசாரிக்கத் தகுந்த மறுப்பு ஒன்று இருந்தால் போதும், அது கடைசியில் ஜெயிக்குமா என்று அங்கே பார்க்க வேண்டியதில்லை. 41ஆம் நாள் திடீரென்று ஒரு டிஸ்பியூட் மின்னஞ்சல் ஏன் வருகிறது என்று யோசித்திருப்பீர்கள். எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் பின்னால் காட்டுவதற்காக இப்போதே ஒரு காகிதத்தை உண்டாக்கி வைக்கும் பழக்கம் பெரிய கம்பெனிகளில் உண்டு.

உங்களுக்கான வழி, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான எம்எஸ்எம்இ சட்டம், 2006. 2021இலேயே அந்த நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு எடுத்திருக்கிறீர்கள், இந்த ஆர்டருக்கு முன்பே. அது பெரிய பலம். அந்தச் சட்டத்தில் உங்களுக்குப் பொருந்துபவை இவை.

பொருளோ வேலையோ கைக்கு வந்த 15 நாளுக்குள் வாங்குபவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். உங்களுக்கு எழுத்து வந்தது 41ஆம் நாள். அதற்காக அவர்கள் தரக்குறைவு பற்றி வாயே திறக்க முடியாது என்று நினைக்க வேண்டாம், எதிர்க்கோரிக்கையாக வைக்கலாம். ஆனால் பணம் கொடுக்க வேண்டிய கெடு அதனால் தள்ளிப்போகாது.

ஆர்டரில் 60 நாள் என்று எழுதியிருந்தாலும் சட்டம் அனுமதிப்பது அதிகபட்சம் 45 நாள். அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. வட்டி வேண்டாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அது செல்லாது.

பணம் வராவிட்டால் எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையதளம் வழியாக எம்எஸ்எம்இ ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் மனு போடலாம். இந்த இடத்தில் சட்டம் சொல்வது "எனி பார்ட்டி டு எ டிஸ்பியூட்", அதாவது டிஸ்பியூட்டில் உள்ள எந்தத் தரப்பும் போகலாம் என்று. நீங்கள் பயந்த சொல்தான் அந்தக் கதவைத் திறக்கும் சாவி. முதலில் சமரசம் பேசுவார்கள், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. வாங்குபவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் விற்பவர் இருக்கும் இடத்துக் கவுன்சிலே விசாரிக்கலாம். ஆர்டர் தாளின் பின்பக்கத்தில் "டிஸ்பியூட்ஸ் பெங்களூர் ஆர்பிட்ரேஷனுக்கு" என்று அச்சடித்திருந்தாலும் இந்த வழி அடைபடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு அவர்களுக்கு எதிராகப் போய், அதை எதிர்த்து நீதிமன்றம் போக நினைத்தால் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

சட்டத்தில் 90 நாளில் முடிக்க வேண்டும் என்று இருக்கிறது. நடைமுறையில் அதைவிட அதிகமாகவே ஆகும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் மனுவுக்கு உதவுவார்கள், உத்யம் சான்றிதழ், ஆர்டர், பில், டிசி, மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள்.

நீதிமன்றம் போவதென்றால் இது 'கமர்ஷியல் டிஸ்பியூட்' வகையில் வரும், தொகை மூன்று லட்சத்துக்கு மேல் இருப்பதால். அவசரத் தடையுத்தரவு எதுவும் கேட்காத வழக்கு என்றால் முதலில் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் மத்தியஸ்தத்துக்குப் போயே ஆக வேண்டும். உங்களுக்கு இது இரண்டாவது வழிதான். இடம் பற்றி ஒரு சின்ன விஷயம்: பில்லில் திருப்பூர் என்று அச்சடித்ததாலேயே திருப்பூர் கோர்ட்டுக்கு அதிகாரம் வந்துவிடாது. வேலை நடந்த இடம் திருப்பூர் என்பதுதான் உங்களுக்குப் பலம். 1989இல் இதே மாதிரி ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. குஜராத் கம்பெனிக்கும் சேலம் ஏஜென்சிக்கும் இடையே மெட்டாலிக் நூல் வியாபாரம். "எனி டிஸ்பியூட்" குஜராத்தில் உள்ள கைரா கோர்ட்டுக்கு உட்பட்டது என்று எழுதியிருந்தும், 'ஒன்லி' போன்ற சொல் இல்லாததால் சேலத்தில் வழக்கு நடத்தலாம் என்று தீர்ப்பானது. பிற்பாடு வந்த தீர்ப்புகள் அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டன. அதனால் ஆர்டர் தாளின் பின்பக்கத்தை ஒரு வக்கீலிடம் காட்டாமல் வழக்குப் போடாதீர்கள்.

கோர்ட், கவுன்சில் எல்லாவற்றுக்கும் முன்னால், அவர்களுடைய அக்கவுன்ட்ஸ் பிரிவுக்கு இரண்டு விஷயத்தை நினைவுபடுத்தினால் பல நேரம் பணம் தானாகவே நகரும். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால், உங்கள் பில்லில் அவர்கள் எடுத்த ஜிஎஸ்டி இன்புட்டை (வரிக் கழிவை) அரசுக்குத் திருப்ப வேண்டும். உங்களைப் போன்ற குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டிப் பாக்கி வைத்தால், கொடுக்கும் வருடத்தில்தான் அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். மிரட்டலாக எழுத வேண்டாம், உங்கள் உத்யம் எண்ணைப் போட்டு ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும். அங்கே இருக்கும் கணக்காளருக்கு மற்றது புரியும்.

சரி, மீண்டும் டெபிட் நோட்டுக்கு வருகிறேன். உண்மையிலேயே சில பீஸில் அளவு கூடக் குறைய இருந்திருக்கலாம். அப்படி இருந்தால் மறைக்காதீர்கள். 300 பீஸில் குறை என்றால் 300 பீஸுக்குப் பேசுங்கள். 2,36,000 என்பது உங்கள் ரேட்டில் எட்டாயிரம் பீஸுக்கும் மேலே வருகிறது. அவ்வளவு பீஸ் தவறாக இருந்து அவர்களுடைய க்யூசி ஆள் மூன்று முறை பாஸ் போட்டார் என்பதை அவர்கள்தான் விளக்க வேண்டும். துணியின் விலையையும் சேர்த்து டெபிட் போட்டிருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். அப்படிப் போட்டிருந்தால் அந்த பீஸ்கள் எங்கே, விற்றுவிட்டார்களா என்ற கேள்வியும் உண்டு. இது கணக்கை உருப்படி உருப்படியாகப் பிரித்துப் பார்க்கும் வேலை. அந்தச் சொல்லுக்கு முதலில் இருந்த பொருளும் அதுதான்.

கடிதத்தின் கடைசிப் பத்தியில், அந்த மின்னஞ்சல் போனதிலிருந்து மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, "என்னாலதான் போச்சு" என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். சட்டம் படித்தவர்களே 'நோ டிஸ்பியூட்' என்று எழுதிச் சிக்கிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அகராதி சொன்னதை நம்பி, அப்பா சொன்னதை மொழிபெயர்த்தது அவள் குற்றம் இல்லை. மேலே சொன்ன மின்னஞ்சலை அவளையே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். அனுப்பும் முன் மூன்று டிசியையும் ஸ்கேன் செய்து இணைத்திருக்கிறாளா என்று மட்டும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் என்ன பதில் போட்டாலும், அதற்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் எனக்கு அனுப்புங்கள். ஆர்டர் தாளின் பின்பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.